கெக்கோ விரலில் சிக்கிய தோல்

எங்கள் வீட்டில் வளரும் லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி சட்டை உரிக்கும்போதெல்லாம் விரல் நுனியில் மட்டும் தோல் தங்கிவிடும். உரித்ததை அதுவே தின்றுவிடுவதால், மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் முடிந்த மாதிரிதான் தெரியும். கிட்டத்தில் பார்த்தால் வெள்ளை நூல் சுற்றியது போல ஒரு வளையம். விட்டால் அது இறுகி, ரத்த ஓட்டம் நின்று, விரலே போய்விடும்.

முதலில் தொட்டி முழுக்கத் தண்ணீர் தெளித்தேன். கண்ணாடி வியர்த்ததுதான் மிச்சம். வறண்ட நிலத்துப் பல்லிக்கு எந்நேரமும் ஈரம் ஆகாது என்பது வேறு. சத்துப்பொடியை மாற்றியும் பயனில்லை.

உரிக்கும்போது அது போய்ப் படுத்துத் தோலை நனைத்துக்கொள்ள, ஈரப்பாசி போட்ட டப்பா தொட்டிக்குள் இருக்கத்தான் செய்தது, கடையில் சொன்னபடி சூட்டு விரிப்பு இல்லாத குளிர்ந்த பக்கம். பாசியிலும் நல்ல ஈரம். ஆனால் அந்தி நேரத்தில் பழைய மொபைலை எதிரே வைத்துப் படம் பிடித்தபோதுதான் விஷயம் தெரிந்தது: கெக்கோ டப்பாவுக்குள் எட்டிப் பார்க்கும், தலையைத் திருப்பிக்கொண்டு போய்விடும். டப்பாவுக்குள் 23 டிகிரி. உரிப்பதற்கு முன் தோல் வெளுத்த நாட்களில் அது சூட்டை விட்டு நகரவே இல்லை.

டப்பாவைச் சூட்டு விரிப்பின் மேல் பாதி இருக்கும்படி தள்ளினேன். உள்ளே 29 டிகிரி வந்தது. அன்றிரவே போய்ப் படுத்துக்கொண்டது. அடுத்த உரிப்பில் 20 விரலும் சுத்தம். அப்பாடா!

பழைய வளையங்களை, வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைத்துப் பஞ்சுக் குச்சியால் உருட்டி எடுத்தேன். காய்ந்தபடி பிய்த்தால் சதையும் சேர்ந்து வரும். சூட்டுப் பக்கம் பாசி சீக்கிரம் காய்ந்துவிடும், அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும்.