300-400 சிசி வண்டிக்கு ஸ்போர்ட்-டூரிங் டயர்: வாங்குறது, மாட்டுறது, வச்சு ஓட்டுறது

டாமினார் 400, டியூக் 390, அப்பாச்சி ஆர்ஆர் 310 மாதிரி முன்னாடி 110/70-17, பின்னாடி 150/60-17 டயர் போட்ட வண்டி வச்சிருக்கவங்களுக்காக இத எழுதுறேன். பெரிய வண்டிக்காரங்களுக்கும் பாதிக்கு மேல பொருந்தும். கம்பெனில இருந்து வந்த டயர் தேஞ்சு போனதும் கடைக்குப் போனா நாலு பேரு நாலு விதமா சொல்றாங்க, யூடியூப்ப தொறந்தா டிராக்ல முட்டி உரச ஓட்டுறவர் சொல்ற டயர்தான் ஒசத்தின்னு ஆயிடுது. ஆனா நம்ம வண்டி ஓடுறது பெரும்பாலும் நாலு வழிச் சாலையில நேரா, மே மாச வெயில்ல, அப்பப்ப திடீர் மழையில, மாசத்துக்கு ஒரு தடவ ஏற்காடோ வால்பாறையோ. அதுக்குன்னே செஞ்சதுதான் ஸ்போர்ட்-டூரிங் டயர். நிறைய மாடல்ல நடுப்பகுதி ரப்பர் கெட்டியா இருக்கும், நேர் ரோட்டுல சீக்கிரம் தேயாது, ரெண்டு ஓரமும் கொஞ்சம் மிருதுவா இருக்கும், வளைவுல சாய்க்கும்போது புடிக்கும். ரப்பர்ல சிலிக்கா சேக்குறதால ஈரத்துலயும் புடிமானம் இருக்கும்.

என்னைக் கேட்டா பிராண்டுங்கிறது கடைசி கேள்வி. அளவு, தேதி, மாட்டுற விதம், காத்து, இதெல்லாம் சரியா இருந்தா சுமாரான டயரும் நல்லா ஓடும். இதுல ஒன்னு சொதப்புனா எவ்வளவு காசு போட்ட டயரா இருந்தாலும் வேஸ்ட்.

1. அளவு

டயரோட பக்கச் சுவர்ல 150/60 ஆர்17 66எச்னு ஏதாவது போட்டிருக்கும். 150 அகலம், மில்லிமீட்டர்ல. 60ங்கிறது அந்த அகலத்துல எத்தனை சதவீதம் பக்கச் சுவரோட ஒசரம்ங்கிறது. ஆர் இருந்தா ரேடியல் (உள்ள இருக்குற நூல் குறுக்கா நேரா ஓடுற வகை), 17 ரிம்மோட இன்ச். 66 எடைக் குறியீடு, அதாவது 300 கிலோ தாங்கும், முன்னாடி டயர்ல இருக்குற 54னா 212 கிலோ. கடைசி எழுத்து வேகம்: எஸ்னா மணிக்கு 180 கிமீ, எச்னா 210, டபிள்யூன்னா 270. கம்பெனி போட்டதை விட எடையும் வேகமும் கீழ போகாம பாத்துக்கோங்க, மேல போனா தப்பில்ல.

இங்கதான் எல்லாரும் குழம்புறது. 150/60 கெடைக்கலைன்னா கடைக்காரர் "140/70 போட்டுக்கலாம் தம்பி, ஒன்னும் ஆகாது"ம்பாரு. பேப்பர்ல கணக்கு போட்டுப் பாருங்க. 150ல 60 சதவீதம் 90 மிமீ. 140ல 70 சதவீதம் 98 மிமீ. அதாவது அகலம் கம்மி ஆனாலும் டயர் ஒசந்துடுது. வண்டியோட பின்பக்கம் 8 மிமீ மேல ஏறும், மொத்த விட்டம் 16 மிமீ கூடும், சுத்தளவு கிட்டத்தட்ட 2.6 சதவீதம் கூடும். இதனால பிக்கப் லேசா கொறையும், ஹைவேல ஆர்பிஎம் லேசா எறங்கும், பின்பக்கம் தூக்கி நிக்கிறதால வண்டி கொஞ்சம் சட்டுன்னு திரும்பும். பின் வீல்ல இருந்து வேகம் எடுக்குற வண்டின்னா மீட்டர் நெஜ வேகத்த விட கம்மியா காட்டும், கேமரா இருக்குற ரோட்டுல ஞாபகம் வச்சுக்கோங்க. டயருக்கும் ஹக்கருக்கும் (டயர ஒட்டி இருக்குற சின்ன மட்கார்ட்) நடுவுல விரல் போற இடைவெளி இருக்கான்னும் பாக்கணும். இதெல்லாம் ஓகேன்னா 140/70 போடலாம். ஆனா டிராக்‌ஷன் கண்ட்ரோல் (பின் வீல் வழுக்குனா எஞ்சின் பவர தானா கொறைக்குற வசதி) இருக்குற வண்டில நான் போட மாட்டேன், ஏன்னா ரெண்டு வீலும் சுத்துற வேகத்த ஒப்பிட்டுத்தான் அது முடிவெடுக்குது, நீங்க ஒரு வீல மட்டும் பெருசாக்குனா அது என்ன நெனைக்கும்?

160/60 போட்டா பின்னாடி இருந்து பாக்க கெத்தா இருக்கும், ஆனா அது 4.5 இன்ச் ரிம்முக்கான அளவு. 4 இன்ச் ரிம்ல திணிச்சா ரெண்டு பக்கமும் இறுகி நடுப்பகுதி கூம்பிக்கும், ஓரம் ரோட்டைத் தொடவே தொடாது. காசக் குடுத்து புடிமானத்தக் கொறச்சுக்கிற வேலை.

2. எந்த டயர்

அப்பாச்சி ஆர்ஆர் 310 பிஎஸ்6 மாடல் 2020ல வந்தப்போ கம்பெனியே மிஷலின் ரோடு 5 போட்டுக் குடுத்துச்சு. அதனால நம்ம அளவுல அந்த டயர் இருக்கு, மழைக்கு என் முதல் ஓட்டும் அதுக்குத்தான். பிரச்சனை விலையும் கெடைக்கிறதும். 2020 ஜூன்ல மத்திய அரசு டயர் இறக்குமதிய லைசென்ஸ் இருந்தாத்தான்னு மாத்துனதுல இருந்து வெளிநாட்டு டயர் ஒரு மாசம் இருக்கும், மூணு மாசம் இருக்காது. ஒரு ஜோடி வாங்குற காசுல நம்மூர் ஸ்டீல் ரேடியல் கிட்டத்தட்ட ரெண்டு ஜோடி வாங்கிடலாம்.

நம்மூர்னா அப்போலோ ஆல்ஃபா எச்1, எம்ஆர்எஃப் ஸ்டீல் பிரேஸ். ரெண்டுமே ஸ்டீல் பெல்ட் ரேடியல். உள்ள இருக்குற கம்பி டயர் சுத்துற திசையிலயே ஓடுறதால வேகத்துல டயர் உப்பாது, வண்டி ஆடாம போகும். வருஷத்துக்கு பத்தாயிரம் கிமீக்கு மேல ஓட்டுறவங்களுக்கு நான் இந்த ரகத்தைத்தான் சொல்லுவேன், தேஞ்சா மனசு வலிக்காம அடுத்தது வாங்கலாம். பெரிய வண்டி, 160/60 இல்ல 180/55 வச்சிருக்கவங்களுக்கு பைரெல்லி ஏஞ்சல் ஜிடி 2, மிஷலின் ரோடு 6, மெட்ஸெலர் ரோட்டெக் 01னு நிறைய இருக்கு. மதுரை டிவிஎஸ் ஸ்ரீசக்ராவோட யூரோகிரிப் ரோட்ஹவுண்டும் அந்த லிஸ்ட்ல சேத்துக்கலாம்.

3. தேதி

பக்கச் சுவர்ல ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள்ள நாலு எண் இருக்கும். 2324ன்னா 2024ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. பல டயர்ல ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், புரட்டிப் பாருங்க. ஒரு வருஷத்துக்குள்ளன்னா யோசிக்காம வாங்கலாம். ரெண்டு வருஷம் வரைக்கும்னா பேரம் பேசுங்க. அதுக்கும் மேலன்னா வேணாம், வெளிநாட்டு டயரா இருந்தாலும் வேணாம். மாட்டுறதுக்கு முன்னாடி பாக்கணும், மாட்டுனதுக்கப்புறம் பாத்து பிரயோஜனம் இல்ல.

4. மாட்டுறது (இத மட்டும் பொறுமையா படிங்க)

வீல் கழட்டுறதெல்லாம் சொல்லப் போறதில்ல, பேடாக் ஸ்டாண்ட் (வீல தரையில இருந்து தூக்கி நிறுத்துற ஸ்டாண்ட்) இருந்தா சுலபம். வீல மட்டும் கையில எடுத்துட்டுப் போறது என் பழக்கம், கடையில கூட்டமா இருந்தா அவசரத்துல வீல் அச்ச கண்டபடி முறுக்கி விட்ருவாங்க.

மெஷின் இருக்குற கடைக்குப் போங்க, அதுலயும் அலாய்க்கு பிளாஸ்டிக் கிளிப் போடுறவங்ககிட்ட. டிஸ்க் இருக்குற பக்கத்த தரையில போட்டு ஏறி மிதிக்கிறவர்கிட்ட குடுக்காதீங்க, டிஸ்க் வளைஞ்சா டயர் காச விட அதிகம் ஆகும். டயர்ல அம்புக்குறி இருக்கும், வீல் முன்னாடி சுத்துற திசையோட ஒத்துப் போகணும். மஞ்சப் புள்ளி இருந்தா அது வால்வுக்கு நேரா வரணும், அதுதான் டயரோட எடை கம்மியான இடம். வால்வையும் புதுசா மாத்திடுங்க, அதுல கஞ்சத்தனம் வேணாம்.

இப்போ முக்கியமான விஷயம். போன தடவ சிட்டியில ஒரு பெரிய கடையில மாட்டிட்டு வந்தேன், ஊருக்குள்ள ஒன்னும் தெரியல, பைபாஸ்ல 90 தாண்டுனதும் ஹேண்டில்ல ஒரு நடுக்கம். திரும்பப் போனா பேலன்சிங் பண்ணாங்க, எடை ஒட்டுனாங்க, மறுபடியும் நடுக்கம், "பேரிங்கா இருக்கும் சார்"னு ஆரம்பிச்சுட்டாங்க. கடைசில எங்க தெரு முனையில பஞ்சர் ஒட்டுற அண்ணன்தான் முன் வீல தூக்கி வச்சு மெதுவா சுத்தி விட்டு, "தம்பி இந்தக் கோட்டப் பாரு"ன்னாரு. ரிம்ம ஒட்டி டயர்ல மெல்லிசா ஒரு வட்டக் கோடு அச்சுலயே இருக்கும். அது ரிம்ல இருந்து சுத்திலும் ஒரே தூரத்துல இருக்கணும். என் டயர்ல முக்கால்வாசி சுத்துக்கு தீக்குச்சி கனத்துக்கு இடைவெளி தெரிஞ்சுது, வால்வுக்கு எதிர்ல ஒரு ஜாண் நீளத்துக்கு கோடே காணோம், ரிம்முக்குள்ள போயிருந்துச்சு. அந்த எடத்துல டயர் ஓரம் ரிம்ல ஏறி உக்காரவே இல்ல. அப்படி இருந்தா வீல் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு குதி குதிக்கும், எத்தனை எடை ஒட்டுனாலும் போகாது.

அவர் பண்ண வேலை சின்னது. வால்வு பின்ன கழட்டி காத்த முழுசா எறக்கிட்டு, அந்த எடத்துல டயரை உள்ள அமுக்கி, ரிம் ஓரம் முழுக்க சோப்புத் தண்ணி தடவி, திரும்ப வேகமா காத்து அடிச்சாரு. "டப்"புனு ஒரு சத்தம், கோடு வெளிய வந்துடுச்சு. அதுக்கப்புறம் வழக்கமான அளவுக்கு காத்த எறக்கிக்கணும். உக்காரலைன்னு டயர்ல எழுதியிருக்குற உச்ச அளவத் தாண்டி அடிக்க விடாதீங்க, டயரோ ரிம்மோ வெடிச்சா கை போயிடும். உக்காரலைன்னா எறக்கிட்டு மறுபடியும் சோப்பு, அவ்வளவுதான்.

கடைய விட்டுக் கெளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் அந்தக் கோட்ட நீங்களே பாத்துடுங்க. வீல வண்டில மாட்டுனதும் செயின் டென்ஷன் பாருங்க, அப்புறம் பிரேக்க நாலஞ்சு தடவ அமுக்கி விடுங்க. வீல மாட்டும்போது பேட் உள்ள தள்ளப்பட்டிருக்கும், முதல் தடவ புடிச்சா பிரேக்கே இருக்காது, நேரா போய் எதிர்ல நிக்கிற ஆட்டோல முட்டுவீங்க.

5. முதல் 200 கிமீ

புது டயர் மேல வழவழப்பு இருக்கும், ஓரத்துல சோப்பும் இருக்கும். முறுக்காம, திடீர் பிரேக் அடிக்காம ஓட்டுங்க. முதல் ரைடே கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுன்னு பிளான் பண்ணாதீங்க.

6. காத்து

பெட்ரோல் பங்க் மெஷின நம்பாதீங்க, ஒவ்வொன்னும் ஒன்னு காட்டும். ஒரு சின்ன டிஜிட்டல் கேஜ் வாங்கி வண்டிலயே போட்டு வைங்க, இந்த லிஸ்ட்லயே காசுக்கு அதிகமா உழைக்கிற பொருள் அதுதான். எவ்வளவு வைக்கணும்ங்கிறது செயின் கவர் பக்கத்துல ஸ்டிக்கர்லயோ புக்லயோ இருக்கும், டயர் மேல எழுதியிருக்குற நம்பர் உச்ச அளவு, அது இல்ல. காலைல வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாம இருக்கும்போது பாக்கணும்.

"வெயில் காலம், காத்த ரெண்டு பாயிண்ட் கொறச்சு வை, இல்லன்னா வெடிச்சுரும்"னு சொல்லாத ஆளே கெடையாது. தலகீழ். காத்து கொறஞ்சா டயர் ஒவ்வொரு சுத்துக்கும் அதிகமா நசுங்கும், நசுங்க நசுங்க சூடு ஏறும், அதுதான் ஆபத்து. ஓட்டுனதுக்கப்புறம் 29 வச்சது 32னு காட்டுனா அது சரியா இருக்குன்னு அர்த்தம், எறக்கி விடாதீங்க. பின்னாடி ஆளும் பையும் இருந்தா புக்ல சொன்னபடி ஏத்துங்க. நைட்ரஜன் ஃப்ரீயா குடுத்தா அடிச்சுக்கோங்க, காசு குடுக்காதீங்க, சாதாரண காத்துலயே 78 சதவீதம் அதுதான்.

7. தேய்மானம், பஞ்சர்

ஹைவே ஓட்டுறவங்களுக்கு பின் டயர் தேஞ்ச சோப்புக்கட்டி மாதிரி நடுவுல தட்டை ஆயிடும். பட்டன் (டயர் மேல இருக்குற வரிப்பள்ளம்) இன்னும் இருக்கும், ஆனா வளைவுல சாய்க்கும்போது ஒரு விளிம்புல ஏறி எறங்குற மாதிரி வண்டி சட்டுன்னு விழும். அது தெரிய ஆரம்பிச்சா மாத்துற நேரம் வந்துடுச்சுன்னு எடுத்துக்கோங்க. சட்டப்படி டூவீலருக்கு பட்டன் ஆழம் 0.8 மிமீக்கு கீழ போகக் கூடாது, ஆனா அது வரைக்கும் மழையில ஓட்டணும்னு யாரும் சொல்லல. ஐப்பசி வர்றதுக்கு முன்னாடி 2 மிமீ கூட இல்லன்னா நான் மாத்திடுவேன்.

பஞ்சர் நடுப்பகுதின்னா ஸ்ட்ரிப் (வெளிய இருந்து ஓட்டையில சொருகுற ரப்பர் திரி) போட்டு ஊர் வந்து சேருங்க, வந்ததும் டயரக் கழட்டி உள்ள இருந்து காளான் பிளக் போட்டுடுங்க. ஸ்டீல் பெல்ட் டயர்ல ரம்பம் மாதிரி இருக்குற ஊசியப் போட்டு கண்டபடி குடைஞ்சா உள்ள கம்பி அறுந்துடும், கூட தண்ணியும் எறங்கி துருவும். பக்கச் சுவர்ல ஓட்டைன்னா எந்த வைத்தியமும் கெடையாது, டயர் மாத்துறதுதான். பஞ்சர் ஆகாம இருக்க டயருக்குள்ள ஜெல் ஊத்துறது எனக்குப் புடிக்காது, பேலன்ஸ் போகும், அடுத்து பஞ்சர் ஒட்டுறவர் திட்டுவாரு.

பின்சேர்க்கை (படிச்சவங்க கேட்டது)

இன்டர்செப்டர் 650 வச்சிருக்க நண்பர் ஒருத்தர் கேட்டாரு. அது முன் பின் ரெண்டும் 18 இன்ச், 100/90, 130/70, மேல சொன்ன மாடல்கள்ல பல அதுக்கு வராது. ஸ்போக் வீல்னா டியூப் உண்டு, டியூப்லெஸ் டயர் வாங்குனாலும் உள்ள டியூப் போட்டாகணும், காத்து எறங்குனா ஒரேயடியா எறங்கும்.

முன்னாடி ஒரு பிராண்ட், பின்னாடி ஒரு பிராண்ட் ஓடுமான்னு நிறைய பேரு. ஓடும், ஆனா ரேடியலையும் பயாஸையும் (உள்ள நூல் சாய்வா பின்னுன வகை) கலக்காதீங்க. பின் டயர்தான் முதல்ல தேயும், அப்போ அதே மாடல் போடுறதே நிம்மதி.

இன்னொருத்தர் "புது டயர், காத்து சரி, ஆனா சர்வீஸ் விட்டு வந்ததுல இருந்து திருப்பத்துல வழுக்குது"ன்னு எழுதியிருந்தாரு. ரெண்டு நாள் பேசுனதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது, வாட்டர் வாஷ் பண்ணவங்க டயர் பளபளன்னு இருக்கட்டும்னு பாலிஷ அடிச்சிருக்காங்க, பக்கச் சுவர்ல மட்டும் இல்ல, ரோட்டுல படுற எடம் முழுக்க. வண்டிய விடும்போதே டயருக்கு பாலிஷ் வேணாம்னு சொல்லிடுங்க. அடிச்சுட்டாங்கன்னா வீட்டுக்கு ஓட்டிட்டு வராம அங்கயே சோப்புத் தண்ணியும் பிரஷும் வாங்கி தேச்சுக் கழுவிட்டு எடுங்க.