குவாண்டத்தில் மாயம் இருக்கிறதா? ஒரு தலைமுடியை வைத்துப் பாருங்கள்

போன வருடம் என் பிளஸ் டூ மாணவி ஒருத்தி கழுத்தில் ‘குவாண்டம் சக்தி’ டாலரோடு வகுப்புக்கு வந்தாள். அம்மாவின் மூட்டுவலிக்காக நாலாயிரம் ரூபாய் கொடுத்து இரண்டு வாங்கியிருந்தார்கள். “நாம பார்த்தாத்தான் எலக்ட்ரான் எங்க இருக்குன்னு முடிவாகுமாமே டீச்சர்? அப்ப மனசு வச்சா உடம்பையும் மாத்தலாம்தானே?” என்றாள். நல்ல கேள்வி. எலக்ட்ரான் போன்ற மிகச் சிறிய துகள்களின் இயற்பியல்தான் குவாண்டம். அன்று சாயங்காலம் அவளோடு செய்ததை நீங்களும் வீட்டில் செய்யலாம்.

சிவப்பு லேசர் பாயிண்டரை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே அசையாமல் வையுங்கள். பொத்தானைத் துணி கிளிப்பால் அழுத்தி வைக்கலாம். ஒளி வரும் துளையின் நடுவே, செங்குத்தாக, ஒற்றைத் தலைமுடியைச் செலோடேப்பால் ஒட்டுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் ஒளியை விழச் செய்யுங்கள். கண்ணில் மட்டும் படவே கூடாது. வழியில் எவர்சில்வர் பாத்திரம்கூட வேண்டாம். முடியின் நிழலுக்குப் பதிலாக, ஒளியும் இருளும் மாறி மாறி வரிகளாகப் பக்கவாட்டில் நீளும்.

நடுவிலுள்ள பெரிய வெளிச்சத்தை விட்டுவிட்டு, அடுத்தடுத்த இருட்டுகளின் இடைவெளியை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். லேசரின் அலைநீளத்தை (650 நானோமீட்டர்) சுவரின் தூரத்தால் பெருக்கி, அந்த இடைவெளியால் வகுத்தால் முடியின் தடிமன் வரும். அவள் முடிக்கு இடைவெளி 19 மி.மீ. அதாவது தடிமன் கிட்டத்தட்ட 0.07 மி.மீ.

இதுவரை வெறும் அலைதான்: முடியின் இரு பக்கமும் வரும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, கூடும் இடம் வெளிச்சம், அழியும் இடம் இருட்டு. 1909இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் முடிக்குப் பதில் ஊசியை வைத்து, ஒளித்துகள்கள் ஏறக்குறைய ஒவ்வொன்றாகவே வரும் அளவுக்கு, புகை படிந்த கண்ணாடிகளால் ஒளியை மிக மிக மங்கவைத்தார். ஒரு படம் பதிய சுமார் 2,000 மணி நேரம், ஏறக்குறைய மூன்று மாதம். வரிகளின் தெளிவு குறையவே இல்லை. 1989இல் ஜப்பானில் இயற்பியலாளர் டோனோமுராவின் குழு எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பியது. திரையில் தனித்தனிப் புள்ளிகள்தான் விழுந்தன. ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் அதே வரிகள். தனியாக வந்த எலக்ட்ரான் எதனோடு குறுக்கிட்டது? இந்த இடத்தில் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

எலக்ட்ரான் எந்த வழியாகப் போனது என்று ‘பார்த்தால்’ வரிகள் மறையும் என்பதும் உண்மை. ஆனால் ‘பார்த்தால்’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘தடயம் விட்டால்’ என்று மாற்றி வாசியுங்கள். 2004இல் வியன்னாவில் 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளைச் சூடாக்கி அனுப்பினார்கள். சூடு ஏற ஏற அவையே ஒளியைக் கக்கின, வரிகள் மங்கின. கக்கிய ஒளியை யாரும் பார்க்கவில்லை. அது வெளியே போனதே போதுமானதாக இருந்தது. மனம் எங்கே வந்தது இதில்?

பெரியவர்களும் தடுமாறிய இடம்தான் இது. அளவீட்டில் மனத்துக்குப் பங்குண்டு என்று 1961இல் இயற்பியலாளர் யூஜின் விக்னரே எழுதினார். பின்னாளில் அவரே அதைக் கைவிட்டார். அளவீட்டின்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதில் இயற்பியலாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. நம் அறிவிலுள்ள அந்த இடைவெளியை இடைவெளியாகவே விட்டுவைக்கலாம். அதில் டாலரைத் தொங்கவிட வேண்டியதில்லை.

விற்றவரிடம், “இதைப் போட்டால் எது, எவ்வளவு மாறும், எதை வைத்து அளப்பது?” என்று கேட்கச் சொன்னேன். அவரிடமிருந்து பதில் வரவில்லை. அம்மாவை எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னேன், போனார்கள்.

மறுவாரம் அம்மாவின் நரைமுடி ஒன்றைத் தாளில் மடித்து எடுத்து வந்தாள். இடைவெளி 21 மி.மீ. “அப்ப என் முடியைவிட மெலிசு டீச்சர்” என்று, நான் கணக்குப் போடுமுன் சொல்லிவிட்டாள்.