7 கெல்வினில் விழும் கோடு: உயர் அழுத்த ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேர்வராயன் மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு, பல உலோகக் கலவைகளை வைரங்களுக்கு நடுவே நசுக்கி, கடுங்குளிரில் அவை மீக்கடத்தியாகின்றனவா, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகின்றனவா என்று பார்ப்பது எங்கள் வேலை. புதிதாகச் சேரும் ஆராய்ச்சி மாணவர்கள், ஒரு காலத்தில் நாங்கள் இடறிய அதே கல்லில் வரிசையாக வந்து இடறுகிறார்கள். வைரம் உடைவது, கம்பி அறுவது எல்லாம் கை பழகினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே தடவை உருக்கிவிட்டு எடுப்பது

கலவையில் சேரும் டைட்டானியம் 1668 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். டான்டலத்துக்கு 3017 டிகிரி வேண்டும். ஆர்க் உலையிலிருந்து வரும் உருண்டை வெளியே பளபளத்தாலும், உள்ளே டான்டலம் கரையாமல் கிடக்கலாம். திருப்பித் திருப்பிப் போட்டு உருக்குங்கள். அப்புறம் அறுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள். நையோபியம் எங்காவது தனியாகத் திரண்டிருந்தால், 9.2 கெல்வினில் (கெல்வின் என்பது மைனஸ் 273 டிகிரி செல்சியஸிலிருந்து எண்ணும் அளவு) அது தானே மீக்கடத்தியாகித் தனிக்கச்சேரி நடத்தும். நீங்கள் கலவைதான் பாடுகிறது என்று நினைப்பீர்கள்.

சோல்டரை மறந்துவிடுவது

இதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எரிச்சல் வருகிறது.

டான்டலம், நையோபியம், ஹாஃப்னியம், சிர்கோனியம், டைட்டானியம் ஐந்தும் சேர்ந்த கலவை சுமார் 7.3 கெல்வினில் மீக்கடத்தியாகிறது என்று 2014-இல் தெரியவந்தது. 2017-இல் சீன ஆய்வாளர்கள் அதே குடும்பத்துக் கலவையை 190 கிகா பாஸ்கல் வரை, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 19 லட்சம் மடங்கு, அழுத்தினார்கள். அது மசியவில்லை. அதன் மாறுநிலை வெப்பநிலை, அதாவது மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை, 7.7 கெல்வினில் தொடங்கி, 60 கிகா பாஸ்கல் வாக்கில் 10 வரை ஏறி, கடைசியில் 9 அருகே நின்றது. அன்றிலிருந்து, அழுத்தத்துக்கு அசையாத கோட்டை, அதாவது எவ்வளவு அழுத்தினாலும் ஒரே வெப்பநிலையில் மின்தடை விழுவதை, வரைபடத்தில் பார்த்தாலே பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கிறது.

சாதாரண ஈய-வெள்ளீய சோல்டரும் 7 கெல்வின் வாக்கில் மீக்கடத்திதான். ஈயத்தின் மாறுநிலை வெப்பநிலையே 7.2. செல்லுக்கு (கலவையை வைரங்களுக்கு நடுவே நசுக்கும் கருவி) வெளியே, பிளாட்டினத் தகட்டோடு செம்புக் கம்பியைப் பற்றவைத்த இடத்தில் கடுகளவு சோல்டர் இருக்கும். அதன்மேல் அழுத்தம் படவே படாது. நீங்கள் 5 கிகா பாஸ்கல் கொடுத்தாலும் 30 கொடுத்தாலும் கோடு அதே இடத்தில்தான் விழும்.

எங்களிடம் திரவ ஹீலியம் கிடையாது. வெளியூரில் நேரம் கேட்டு வாங்கித்தான் போகவேண்டும். அப்படிப் போன ஒரு மாணவர் நடுராத்திரியில் போன் செய்தார். "சார், 7-லயே நிக்குதுங்க சார், அசையவே மாட்டேங்குது!"

"காந்தப்புலம் குடுத்துப் பாத்தியாப்பா?"

"இல்லைங்க சார், அடுத்த தடவை பாத்துக்கலாம்னு..."

அடுத்த தடவை எப்போது கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஹீலியத்துக்குக் கொடுத்த காசு போனதுதான் மிச்சம். திரும்பி வந்ததும் செல்லைப் பிரித்தோம். மின்னோட்டக் கம்பியும் மின்னழுத்தக் கம்பியும் ஒரே தகட்டில் போய்ச் சேர்ந்திருந்தன. இரண்டுக்கும் பொதுவான பாதையில் சோல்டர்; அதன் மின்தடையும் அளவில் சேர்ந்துவிட்டது. வரைபடத்தில் மின்தடை பூஜ்யத்துக்கு வரவே இல்லை, ஒரு சின்னப் படி மட்டும் இறங்கியிருந்தது. எங்கே விழுகிறது என்று பார்த்தவர், எவ்வளவு விழுகிறது என்று பார்க்கவில்லை.

1 டெஸ்லா புலம் கொடுத்திருந்தால் போதும், குட்டு வெளிப்பட்டிருக்கும். சோல்டரின் மீக்கடத்தல் அதில் அடங்கிவிடும். அந்த ஐந்து தனிமக் கலவையோ சுமார் 8 டெஸ்லா வரை தாங்கும். 1 டெஸ்லாவில் அதன் கோடு கொஞ்சம் நகருமே தவிர மறையாது. அதைவிட, சோல்டரே வேண்டாம் என்பேன். கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் இருந்துகொண்டு ஈயத்தைப் பிடித்துத் தொங்குவானேன்? வெள்ளிப் பசையால் ஒட்டுங்கள்.

அறை வெப்பத்தில் அளந்த அழுத்தத்தையே எழுதுவது

குளிரும்போது செல் சுருங்கும், அழுத்தம் மாறும். அழுத்தத்தை அளக்கச் செல்லுக்குள் வைக்கும் ரூபித் துணுக்கின் 694.2 நானோமீட்டர் ஒளிக்கோடு ஒரு கிகா பாஸ்கலுக்கு ஏறக்குறைய 0.365 நானோமீட்டர் நகர்கிறது. ஆனால் திரவ நைட்ரஜன் வெப்பநிலைக்குப் போனாலே, அழுத்தம் எதுவும் இல்லாமல், அது 0.9 நானோமீட்டர் அளவுக்குப் பின்வாங்கும். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இரண்டரை கிகா பாஸ்கல் காணாமல் போய்விடும்.

பாதியில் நின்ற மின்தடை

பூஜ்யம் வரவில்லையா? வரவில்லை என்றே எழுதுங்கள்.

காந்த அளவீட்டுக்கு ஸ்டீல் கேஸ்கெட்

கேஸ்கெட் என்பது வைரங்களுக்கு நடுவே கலவையைச் சுற்றி வைக்கும் தகடு. சேலத்தில் ஸ்டீல் தகடு கிடைக்கிறதே என்று வெட்டிப் போடாதீர்கள். 304 வகை ஸ்டீல் தகடும் நசுங்கினால் காந்தத்தன்மை காட்டும். பெரிலியம்-செம்பு வாங்குங்கள்.