‘அமீர் ஃபைசல், 1919’: பழைய அரச உருவப்படத்தைச் சோதிப்பது எப்படி?

பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் நான் முதன்முதலில் வாங்கிய அரபு அரசர் படத்தின் பின்புறம், பென்சிலில் ‘அமீர் ஃபைசல், 1919’ என்று எழுதியிருந்தது. அசல் என்று அடித்துச் சொன்னார். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்தால், அமீரின் கன்னமெல்லாம் வரிசை வரிசையாகப் புள்ளிகள்! ஏதோ பத்திரிகைப் படத்தை அட்டையில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தச் செலவில் கற்றது இது.

படி 1: புள்ளி இருக்கிறதா?
நகைக்கடையில் கல் பார்க்கும் பத்து மடங்கு கண்ணாடி போதும். சீரான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. புகைப்படத் தாளில் நிழல் வெட்டுப்படாமல் மெல்ல மெல்லக் கரையும். படத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். கருமையான ஓரங்களில் வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால் நல்ல அறிகுறி. புற ஊதா டார்ச் இருந்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள். தாள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் அது 1950களிலோ அதற்குப் பிறகோ வந்த தாள்.

படி 2: ஆண்டைப் படியுங்கள்
அரபி எழுத்து வலமிருந்து இடம் போனாலும் எண்களை நம்மைப் போலவே இடமிருந்து வாசிக்க வேண்டும். நம் சுழியம் போலத் தெரிவது அங்கே ஐந்து. வெறும் புள்ளிதான் சுழியம். ஏழு போலத் தெரிவது ஆறு. நான் இதில் பல முறை இடறியிருக்கிறேன்.

கிடைத்தது ஹிஜ்ரி (இஸ்லாமிய நாட்காட்டி) ஆண்டு என்றால் அதை 33ஆல் வகுத்து, வந்த விடையை அதே ஆண்டிலிருந்து கழித்து, 622ஐக் கூட்டுங்கள். 1339க்கு 1920 வரும். ஓராண்டு முன்பின் இருக்கலாம். ஃபைசல் ஈராக்கின் அரியணை ஏறிய 1921 ஆகஸ்ட் 23, ஹிஜ்ரி 1339இல்தான் வருகிறது. இன்னொரு கண்ணியும் உண்டு. உதுமானியத் துருக்கிப் பேரரசின் அலுவலகங்கள் ‘ரூமி’ என்ற வேறொரு நாட்காட்டியையும் வைத்திருந்தன. அதற்கு 584ஐக் கூட்டினால் போதும். ஆக, வெறும் 1330 என்றிருந்தால் அது 1912ஆகவும் இருக்கலாம், 1914ஆகவும் இருக்கலாம்.

படி 3: எந்த ஃபைசல்?
பலர் சறுக்கும் இடம் இதுதான். 1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டுக்கு வந்தவர் மக்காவை ஆண்ட ஷரீப் ஹுசைனின் மகன் ஃபைசல், பின்னாளில் ஈராக் மன்னர். அதே ஆண்டு லண்டனுக்கு இன்னொரு அமீர் ஃபைசலும் போனார்: சவூதி அரேபியாவை நிறுவிய இப்னு சஊதின் மகன், 1906இல் பிறந்த சிறுவன், பின்னாளில் சவூதி மன்னர். எனவே பெயரை நம்பாமல் முகத்தில் தாடி இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: தலையைப் பாருங்கள்
பாரிஸ் படங்களில் ஃபைசலின் தலையில் துணியும் அதை இறுக்கும் அகால் வளையமும் இருக்கும். ஈராக் மன்னரான பிறகு ‘சிதாரா’ தொப்பியைப் பரப்பினார்; காந்தி குல்லாயைக் கறுப்புத் துணியில் தைத்தது போல இருக்கும். அது தலையில் இருந்தால் 1919 என்ற குறிப்பைப் பேசாமல் அடித்துவிடலாம்.

கூடவே அவர் உருவம் பதித்த ஈராக் தபால்தலை கிடைத்தால் விலைக் குறியைப் பாருங்கள். அணா, ரூபாய் மட்டும் என்றால் 1932க்கு முந்தையது; அப்போது அங்கே புழங்கியது இந்திய ரூபாய். அந்த அணாவின் மேலேயே ஃபில்ஸ் (தினாரின் சில்லறை) என்று அச்சடித்திருந்தால் 1932, தினார் வந்த ஆண்டு.

படி 5: ஒப்பிடுங்கள்
அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் பெய்ன் செய்தி நிறுவனப் படங்களும், ஜெருசலேமில் குடியேறிய ‘அமெரிக்கக் காலனி’ என்ற கிறிஸ்தவக் குழுவினர் எடுத்த மாட்சன் தொகுப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயர்களை நாலைந்து விதமான எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். படத்தில் பக்கத்தில் நிற்பவர்களையும் விடாதீர்கள். 1919 வெர்சாய் குழுப்படத்தில் ஃபைசலுக்குப் பின்னால் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ எனப்படும் பிரிட்டிஷ் அதிகாரி லாரன்ஸும், பின்னாளில் ஈராக் பிரதமரான நூரி அல்-சயீதும் நிற்கிறார்கள். ஃபைசலின் அடிமை என்று மட்டும் குறிக்கப்பட்ட ஒருவரும் நிற்கிறார். அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

படி 6: பத்திரம்
செலோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம். பின்புறத்தில் ஏற்கெனவே உள்ள எழுத்து பொய்யென்று தெரிந்தாலும் அழிக்காதீர்கள். உங்கள் முடிவைத் தனித்தாளில் எழுதி, படத்தோடு உறையில் வையுங்கள். என் பத்திரிகைப் படமும் அப்படித்தான் இருக்கிறது, விலைச்சீட்டோடு.