லெப்பர்ட் கெக்கோ வளர்ப்பு: சேலத்து வெயிலில் நாம் செய்யும் தவறுகள்

சேலத்தில் லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லியை வாங்குகிறவர் கையோடு, தொட்டிக்கு அடியில் வைத்துச் சூடேற்றும் ஹீட் மேட் ஒன்றும் வாங்கிவிடுகிறார். நானும் வாங்கினேன், அதுவும் ஏப்ரலில். அஸ்தம்பட்டியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை. மேட்டைப் போடாமலே தொட்டிக்குள் 36 டிகிரி இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. மத்தியானம் வந்து பார்த்தால், பல்லி வாயைத் திறந்தபடி தண்ணீர்க் கிண்ணத்துக்குள் படுத்துக் கிடக்கிறது. அது ஒதுங்க ஒரு குளிர்ந்த மூலைகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நாம் படிக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. இதன் பூர்வீகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா என்றதும் வெயில் தாங்கும் என்று நினைத்துவிடுகிறோம். அங்கே அது பகலெல்லாம் பாறை இடுக்கில் கிடந்து, பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வரும். தொட்டியில் ஒரு பக்கத் தரை 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25 வாக்கில் இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் மேட்டை அணைத்துவிட்டு, தொட்டியைக் கீழ்த்தள அறையில் தரையோடு வையுங்கள். வெயில் கடுமையானால், ஐஸாக உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கக் கண்ணாடிக்கு வெளியே சாய்த்து வைக்கலாம்.

ஏற்காட்டில் கதை தலைகீழ். 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழி ராத்திரிக்கு மேட் கட்டாயம், சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டோடு. அது இல்லாத மேட் வயிற்றைச் சுட்டுவிடும். அங்கே இருக்கும் என் மச்சான் ஒருநாள் சாயந்திரம் வயிறு முட்டப் புழு போட்டார். ராத்திரி கரண்ட் போய்விட்டது. காலையில் பார்த்தால் அத்தனையையும் கக்கி வைத்திருந்தது. சூடில்லாமல் அதற்குச் செரிக்காது.

அழகுக்கு ஆற்று மணல் கொட்டாதீர்கள். புழுவைக் கவ்வும்போது மணலும் உள்ளே போய்க் குடலை அடைக்கும். டைல்ஸ் கடையில் மிஞ்சும் சொரசொரப்பான துண்டுகளே போதும், கழுவவும் சுலபம். கால்சியம் பவுடரும் வைட்டமின் டி3-யும் இல்லாமல் வெறும் புழுவிலேயே வளர்த்தால் தாடை இளகி, கால் எலும்பு வளைந்துவிடும். தின்னாமல் விட்ட சிள்வண்டுகளை இரவில் எடுத்துவிடுங்கள், அவை பல்லியையே கடிக்கும். வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போடவே வேண்டாம். எந்த ஸ்ப்ரேயில் நனைந்து வந்ததோ.

பலர் கவனிக்காதது விரல் நுனி. தோல் உரிந்த மறுநாள் டார்ச் அடித்து ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். உரியாத தோல் வெள்ளை நூல் சுற்றியதுபோல் இறுக்கியிருக்கும். அப்படியே விட்டால் ரத்தம் ஓடாமல் நுனி கறுத்து உதிர்ந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில், கால் மூழ்கும் அளவுக்கு, கால் மணி நேரம் நிற்கவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியால் மெல்ல உருட்டினால் கழன்று வரும். பிய்த்து இழுக்காதீர்கள். ஈரப்பாசி போட்ட சின்ன டப்பா ஒன்று உள்ளே இருந்தால் இந்த வேலையே வராது.

இதெல்லாம் கடையில் வாங்கிய பல்லிக்கு. சேர்வராயன் மலைப் பாறைகளில் ஓடுவதைப் பிடித்து வராதீர்கள். ஏற்காட்டின் பெயரையே தாங்கிய நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ் என்ற பல்லி 2000-இல்தான் அறிவியலுக்கே அறிமுகமானது.

வால் கழுத்தளவு பருமனாக இருந்தால் கவலையில்லை. வாரா வாரம் மெலிந்தால், புது எச்சத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். கிளம்புவதற்கு முன், பல்லியும் பார்ப்பாரா என்று போனில் கேட்டுவிடுங்கள்.