சமுதாயக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு: முதல் பத்து வாரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிபோர்னியாவில் சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டில் நேராகச் சேரும் வழி 1960-ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டத்தில் உறுதி செய்யப்பட்டது. டி அன்சா, ஓலோனி போன்ற சமுதாயக் கல்லூரிகளில் தொடங்கி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, டேவிஸ் வளாகங்களுக்குச் சென்ற தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. "கம்யூனிட்டி காலேஜா?" என்று உறவினர் முகம் சுளித்த காலத்தைத் தாண்டி நல்ல பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்த பிள்ளை, அங்கே முதல் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து உடைந்துபோவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் காட்சி. இந்தச் சரிவுக்கு 1965-இல் ஜான் ஹில்ஸ் என்ற ஆய்வாளர் 'மாறுதல் அதிர்ச்சி' என்ற பொருளில் பெயரிட்டார். முதல் பருவத்தில் இறங்கும் மதிப்பெண் அடுத்தடுத்த பருவங்களில் பெரும்பாலும் மீண்டு வருவதையும் அவரே பதிவு செய்தார். சரிவுக்கு அறிவுக் குறைவு காரணமன்று. சேர்ந்த சில வாரங்களில், பழைய கல்லூரியின் பழக்கத்தில் எடுக்கும் முடிவுகளே பெரும்பாலும் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

அவற்றில் முதன்மையானது காலக்கணக்கைத் தவறாகப் புரிந்துகொள்வது. கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் பெரும்பாலானவை செமஸ்டர் முறையில், ஏறத்தாழ பதினாறு, பதினேழு வாரங்கள் பாடம் நடத்துகின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இளநிலை வளாகங்கள் ஒன்பதில் பெர்க்லி, மெர்சிட் ஆகிய இரண்டும் மட்டுமே செமஸ்டர் முறையில் இயங்குகின்றன. மற்ற ஏழிலும் காலாண்டு முறை, அதாவது பத்து வாரப் பாடமும் அதைத் தொடர்ந்து இறுதித் தேர்வும். செமஸ்டரில் நான்காம் வாரம் என்பது பாடம் சூடுபிடிக்கும் நேரம். காலாண்டில் அதே வாரத்தில் முதல் இடைத்தேர்வு வந்து நிற்கும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பாடத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே வகுப்பு தொடங்கும் முன்பே எல்லாப் பாடத்திட்டத் தாள்களையும் எடுத்து, தேர்வு நாள்களையும் பாடத்தைக் கைவிடுவதற்கான கடைசி நாளையும் ஒரே நாள்காட்டியில் குறித்துவிட வேண்டும். "முதல் இரண்டு வாரம் பழகிக்கொள்கிறேன்" என்பதற்கு அங்கே நேரமில்லை. டி அன்சா, ஃபுட்ஹில் போன்ற காலாண்டுக் கல்லூரிகளிலிருந்து வருபவர்களுக்கு இந்த ஒரு சிக்கல் மட்டும் குறைவு.

இதோடு ஒட்டிய தவறு, பாடங்களை அளவுக்கு மீறி எடுப்பது. செமஸ்டரில் ஐந்து பாடம் எடுத்துப் பழகியவருக்குக் காலாண்டின் மூன்று பாடம் ஓய்வு போலத் தோன்றும், நான்காவதையும் சேர்த்துவிடுவார். இதில் இன்னொரு கண்ணி, நன்றாகத் திட்டமிட்டுப் படித்தவர்களுக்கே இருக்கிறது. ஐகெட்சி என்றும், 2025 முதல் கால்-கெட்சி என்றும் வழங்கும் பொதுப் பாடத் தொகுப்பை முழுவதும் முடித்துவிட்டு வருபவருக்குப் பல்கலைக்கழகத்தில் எஞ்சுவன பெரும்பாலும் முதன்மைத் துறையின் மேல்நிலைப் பாடங்கள்தாம். மூன்று கடினப் பாடங்களை ஒரே காலாண்டில், அதுவும் முதல் காலாண்டில் ஏற்பதைவிட, துறைப் பாடம் இரண்டும் பட்டத்துக்கான மொத்த யூனிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் எண்) கணக்கில் சேரும் விருப்பப் பாடம் ஒன்றுமாக எடுத்து, குறையும் யூனிட்டைக் கோடையில் ஈடுகட்டுவது அறிவுடைமை.

தேர்வைப் பற்றிய தவறான எதிர்பார்ப்பைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, சமுதாயக் கல்லூரியில் கணக்குப் பாடங்கள் அனைத்திலும் ஏ வாங்கியவர். பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் பாடத்தில் வீட்டுப்பாடக் கணக்குகள் எல்லாவற்றையும் இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இடைத்தேர்வுக்குப் போனார். தாளில் மூன்றே கேள்விகள். மூன்றும் வீட்டுப்பாடத்தின் கருத்துகளை முன்பின் பார்த்திராத சூழலில் பொருத்தச் சொன்னவை. நூற்றுக்கு ஐம்பத்தொன்று வந்ததும், இந்தப் பாடம் தனக்கு வராது என்று முடிவு செய்து, சிறுகுழு வகுப்புகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். வகுப்பின் சராசரி நாற்பத்தாறு என்பது இரண்டு வாரம் கழித்தே அவருக்குத் தெரிந்தது. அவர் சராசரிக்கு மேலே இருந்தார். அந்த இரண்டு வாரத்தில் நடந்த பாடம்தான் இறுதித் தேர்வில் அவரைக் கீழே இழுத்தது. மதிப்பெண்ணைத் தனியாகப் பார்க்காமல் சராசரியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பாடத்தில் ஒப்பீட்டு முறையில் தரம் வழங்குகிறார்களா என்பதைப் பாடத்திட்டத் தாளில் தேட வேண்டும், ஏனெனில் எல்லா ஆசிரியரும் அப்படிச் செய்வதில்லை. தயாரிப்பிலும், போட்ட கணக்கையே திரும்பப் போடுவதைவிட, பழைய தேர்வுத்தாள் ஒன்றைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, குறிப்பேட்டைத் திறக்காமல் எழுதிப் பார்ப்பதே பயன் தரும்.

உதவி கேட்கத் தயங்குவதும் இங்கேதான் கெடுக்கிறது. முப்பது, நாற்பது பேர் வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆசிரியருக்குப் பழகியவர், முந்நூறு பேர் அரங்கில் தன்னை யாரும் தேடாததைக் கண்டு ஒதுங்கிவிடுகிறார். பேராசிரியரும் டிஏ எனப்படும் உதவியாளர்களும் ஒதுக்கும் ஆஃபீஸ் ஹவர்ஸ், தோற்றுக்கொண்டிருப்பவர்களுக்கானது என்று நம் பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். இரண்டாம் வாரத்திலேயே, "இந்த வரி வரை புரிகிறது, இதிலிருந்து அதற்கு எப்படிப் போனார்கள்?" என்று குறிப்பான ஒரு கேள்வியோடு போய் உட்காருபவருக்கே அந்த நேரம் முழுப் பலன் தருகிறது.

மதிப்பெண் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. பழைய ஜிபிஏ, அதாவது நான்கு புள்ளி அளவிலான மதிப்பெண் சராசரி, பல்கலைக்கழகத்தின் ஜிபிஏவில் சேராது. கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. காலாண்டு வளாகத்தில் பட்டத்துக்கு வழக்கமாக 180 யூனிட் தேவை. காலாண்டுக் கணக்கில் 90 யூனிட்டோடு சேர்பவருக்கு மீதி 90, அதாவது நான்கு யூனிட் பாடங்கள் ஏறத்தாழ 22. முதல் காலாண்டின் மூன்று பாடங்களில் பி பிளஸ் (3.3), பி (3), டி (1) வாங்கினால் ஜிபிஏ 2.43. அங்கிருந்து 3.5-ஐ எட்ட, மீதமுள்ள 19 பாடங்களிலும் சராசரியாக 3.67 வேண்டும், ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஏ மைனஸ் (3.7). மூழ்கும் பாடத்தைக் கடைசி நாளுக்கு முன் கைவிடுவதா என்பதை, கல்வி ஆலோசகரிடம் நிதியுதவி பற்றியும் கேட்டுவிட்டு, இந்தக் கணக்கை முன்னால் வைத்தே முடிவு செய்ய வேண்டும். அதற்காகப் பழைய மதிப்பெண்கள் அழிந்துவிட்டன என்றும் எண்ணிவிடக் கூடாது: மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது சமுதாயக் கல்லூரியில் வாங்கியவையும் சேர்த்தே கணக்கிடப்படும்.

வேலை நேரத்தையும் பயண நேரத்தையும் பழையபடியே வைத்துக்கொள்வது, பெற்றோரும் சேர்ந்து செய்யும் தவறு. சான் ஹோசேயிலிருந்து 17-ஆம் நெடுஞ்சாலை வழியாகத் தினமும் சாண்டா குரூஸ் வளாகத்துக்குப் போய்வரும் பிள்ளைக்கு மாலை நேரச் சிறுகுழு வகுப்பும், சக மாணவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடும் இரவும் இல்லாமல் போகின்றன. முதல் காலாண்டு முடியும் வரையாவது வாரத்துக்கு இரண்டு நாள் வேலையைக் குறைத்து, அந்த நாள்களில் வளாகத்திலேயே இரவு வரை தங்கிப் படிக்க வீட்டில் இடம் கொடுக்க வேண்டும்.