கொற்கையில் தொடங்குங்கள்: தாமிரபரணிக் கழிமுகத்தில் ஒருநாள் நிலவியல் நடை

கழிமுகத்தைக் காட்டப் பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்கள் பெரும்பாலும் நேரே கடற்கரையில் போய் வேனை நிறுத்துவார்கள். அது வேண்டாம். கடலைக் கண்டபிறகு ஒருவரும் நாம் சொல்வதைக் கேட்கப்போவதில்லை. அதைவிட முக்கியமான காரணம், கரை நகர்ந்த கதை இன்றைய கரையில் இல்லை, ஊருக்குள்ளே கிடக்கிறது. அதனால் நான் போடும் வழி இது: காலையில் கொற்கை, வெயில் ஏறும்போது பழையகாயல், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புன்னக்காயல். மூன்றும் அந்தந்தக் காலத்தில் துறைமுகங்கள். ஒன்று தூர்ந்தது, அடுத்தது கிழக்கே எழுந்தது.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை போகலாம். வாடை மழை ஓய்ந்திருக்கும், ஆற்றுவாயில் மணல் புதிதாக இடம் மாறியிருக்கும். தூத்துக்குடிக்கான ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலைப் பார்த்து, வற்றம் பிற்பகலில் வரும் நாளாக எடுங்கள். இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர்கூட இல்லை. நேரம் தப்பினால் சேற்றுத்திட்டுகளைப் பார்க்கவே முடியாது. படகு வேண்டுமென்று புன்னக்காயல் ஊர்க் கமிட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள், படகு சும்மாதானே நிற்கும் என்று கணக்குப் போட்டுக் காலையிலேயே போய் நிற்காதீர்கள். அது பூசை நேரம்.

பைக்குள் அதிகம் வேண்டாம். பத்து மடங்கு காட்டும் கை லென்ஸ், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், அதைச் சுற்ற ஒரு பாலித்தீன் பை, அளவு நாடா, எலுமிச்சம்பழம், கயிறு, தக்கை போட்ட பாட்டில். உப்பளத்தில் தெரிந்தவர் இருந்தால் ஒரு பாமே மானியும் (தண்ணீரில் மிதக்கவிட்டு உப்பின் செறிவைப் பார்க்கும் கருவி) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கொற்கையில் வன்னி மரத்தடியில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பாண்டியனுக்கு முத்து வந்து இறங்கிய துறை இது. கடல் எங்கே?" சுற்றிலும் வயலும் வாழையும்தான். கடல் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. உடனே ஒருவர் 'கடல்கோள்' என்பார், இன்னொருவர் 'கடல் உள்வாங்கிடுச்சு' என்பார். மறுக்காதீர்கள், குறித்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு புதிதாக வெட்டிய வாய்க்கால் கரையோ கிணற்றுச் சுவரோ இருக்கிறதா என்று ஊரில் கேட்டு, உரியவரின் அனுமதியோடு போய்ப் பாருங்கள். மேலே ஆறு கொண்டுவந்த வண்டல், அதன் கீழே மணல், மணலுக்குள் சிப்பித் துண்டுகள். சிப்பியின் மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் நுரை கிளம்பும். நெல் வயலுக்கு அடியில் கடற்கரை இருப்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கும் நேரம் அது, நீங்கள் வாயை மூடிக்கொண்டிருங்கள். கால்டுவெல் 1870களில் இங்கே தோண்டிப் பார்த்தவர். 1968-69இல் மாநிலத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த பொருளுக்குக் கரிமக் கணிப்பில் கி.மு. 785 என்று காலம் வந்தது. ஓட்டுச் சில்லுகள் கண்ணில் படும். ஒன்றையும் பையில் போடவிடாதீர்கள்.

இப்போது விளக்கலாம். ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிடச் சற்று உயரம். பின்னால் கொஞ்சம் இறங்கியது உண்மைதான். ஆனால் பெரிய வேலையைச் செய்தது ஆறு. பொதிகையில் பிறந்து 120 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிவரும் தாமிரபரணி, ஒவ்வொரு வெள்ளத்திலும் மணலையும் வண்டலையும் கொண்டுவந்து ஆழமில்லாத கடலில் கொட்டியது. கடல் பின்வாங்கியது என்பதைவிட நிலம் முன்னே நடந்தது என்பதே சரி. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பழையகாயலில் அதிக நேரம் வேண்டாம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதிய 'காயில்' இதுதான் என்று கால்டுவெல் அடையாளம் கண்டார். இன்று கண்ணுக்குத் தெரிவது உப்பளம். ஒரு பாத்தியில் பாமே மானியை மிதக்கவிடுங்கள். கடல்நீர் மூன்று டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், உப்பு விளையும் பாத்தியில் இருபத்தைந்தைத் தொடும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் வேண்டும். அப்புறம் முக்காணி தாண்டி ஆத்தூர்ப் பாலத்துக்குக் கீழே இறங்கி ஆற்று மணலில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் சேர்ந்தபூமங்கலம். தாமிரபரணிக் கரையின் ஒன்பது சிவன் கோயில்களான நவகைலாயங்களில் கடைசிக் கோயில் அங்கே இருக்கிறது, ஆறு கடலைச் சேரும் இடத்தையொட்டி. மரியாதைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

புன்னக்காயலில் முதல் வேலை படகில். பாட்டிலில் கல்லைக் கட்டுங்கள், தக்கைக்குத் தனிக்கயிறு. அடியில் இறக்கியபின் தக்கையைச் சுண்டி இழுத்தால் அடித் தண்ணீர் மட்டும் நிரம்பும். மேல் தண்ணீரை இன்னொரு பாட்டிலில் பிடித்து, இரண்டிலும் மானியை விடுங்கள். ஆற்றில் நீரோட்டம் இருக்கும் நாளாக இருந்தால் மேலே கிட்டத்தட்ட நல்ல தண்ணீர், அடியில் உப்பு. கனமான கடல்நீர் ஆற்றுக்கு அடியில் நுழைந்து மேற்கே ஏறுகிறது. இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் நுண்ணிய களிமண் திரண்டு கீழே படிகிறது, அந்தச் சேற்றில்தான் கண்டல் என்கிற அலையாத்தி மரம் வேர்விடுகிறது. மூச்சுவேர்களை மிதிக்காமல், படகிலிருந்தே பார்த்தால் போதும்.

மணல்திட்டில் இறங்கியதும் அலை ஏறி இறங்கும் இடத்துக்குச் சற்று மேலே குனிந்து பாருங்கள். வெளிர் மணலுக்கு நடுவே கறுப்பும் கருஞ்சிவப்புமாகக் கோடுகள் ஓடும், பட்டுச்சேலைக் கரை மாதிரி. பாலித்தீன் சுற்றிய காந்தத்தை அதன்மேல் ஓட்டினால் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் மயிர்போலச் சிலிர்த்து ஒட்டும். பையைக் காந்தத்திலிருந்து உருவினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ஒட்டாமல் கிடக்கும் கறுப்பில் பெரும்பகுதி இல்மனைட் என்ற டைட்டானியம் கனிமம்; லென்சில் ஒயின் நிறத்தில் தெரிவது கார்னெட். எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறையும் அடிவாரப் பாறையும் சிதைந்து வந்தவை. இலேசான குவார்ட்சை அலை வாரிக்கொண்டு போக, கனமானது தங்கிவிடுகிறது. ஆத்தூர்ப் பாலத்து மணலைப் பக்கத்தில் பரப்புங்கள். பருமன் வித்தியாசம் கைக்கே தெரியும்.

பிறகு கரையை அளக்கலாம். அசையாத ஓர் இடத்திலிருந்து, ஒரு கட்டடத்தின் மூலையானால் நல்லது, தண்ணீர் விளிம்பு வரை நாடா பிடித்து, நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். அதே இடத்தில் நின்று ஒரு படம். அடுத்த ஆண்டு வருகிறவர்களுக்கு அதுதான் பாடப்புத்தகம். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களை நகர்த்திப் பார்த்தாலும் திட்டு வளர்வதும் அறுபடுவதும் தெரியும். என்றாலும் படகோட்டியிடம் கேட்பது தனி. "மழைக்கு முந்தி இங்கன ஆளு முங்கும் சார், இப்பம் பாருங்க நண்டு நடக்கு" என்றார் ஒருவர். 2023 டிசம்பர் வெள்ளத்தைத்தான் சொன்னார். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அந்த மாதிரி ஒரு வெள்ளம் பல ஆண்டு வேலையைச் சில நாளில் செய்துவிட்டுப் போகும்.

காலையில் 'கடல்கோள்' என்ற பிள்ளையை இங்கே திரும்பக் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: பாபநாசம், மணிமுத்தாறு அணைகளும் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளும் மணலைப் பிடித்துவைத்து, மிச்சத்தை லாரி அள்ளிக்கொண்டுபோனால், இந்தக் கரைக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்? இதற்கு நான் பதில் சொல்வதில்லை. வேனில் அவர்களே சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

வெளிச்சம் மிச்சமிருந்தால் திருச்செந்தூர் வள்ளி குகைப் பக்கம் போகலாம். மணலும் சிப்பித்தூளும் சுண்ணாம்பால் இறுகிப்போன பழைய கரைப் பாறை அங்கே நிற்கிறது. காலையில் பிழிந்த மீதி எலுமிச்சை கையில் இருந்தாலும் அதில் சோதிக்க வேண்டாம், அது கோயில் இடம். சஷ்டி, விசாகம், கிருத்திகை நாட்களில் அந்தப் பக்கம் வண்டியையே திருப்பாதீர்கள்.